பதினேழுக்கு மேல்

எட்டு மணிக்கு உரக்கடை மாடிக்கு நால்வர் வந்துவிடுவார்கள்.
இப்போது ஐந்தரை.
கையில் ஒரு கோட்டை இல்லை, ஒரு பூதம்கூட இல்லை.

போன சனிக்கிழமைக் குகையை
எலிவளைக்குப் புகை போடுவது போலப் போட்டு
பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.
"பனிமலையெல்லாம் வேணாம் மாப்ள" என்றான் ஹாஜா,
"குளிர்னா ஊட்டி டூர்ல ஒருநாள் பார்த்ததுதான்."

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
மூடித்தான் இருக்கும்.
எனக்கு முன்னால் நெல் லாரி.
தார்ப்பாய்க் கிழிசலில் ஒரு மூட்டை முளைவிட்டு
பச்சையாய் எட்டிப் பார்க்கிறது.
டிரைவர் போனில் கத்துகிறார்:
"பதினேழுக்கு மேல காட்டுதாம், எடுக்க மாட்டேங்குறான்!"

வண்டி டேங்க்மேல் நோட்டை விரித்தேன்.

ஒரு நகரம்.
அதன் வாசலில் ஒரு கருவி.
வருபவர் உள்ளங்கையில் முள் இறக்கி
உள்ளே எவ்வளவு ஈரம் என்று பார்க்கும்.
பதினேழுக்கு மேல் போனால் அனுமதி இல்லை.
அண்மையில் அழுதவர்கள்
தார்ச்சாலை நெடுகப் படுத்துக் காய்கிறார்கள்,
வண்டிகள் ஒதுங்கிப் போகின்றன.

வரைபடம் எனக்கு வராது.
மூணாறு தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டேன்:
வெண்ணாற்றோடு போனால் நகரத்தின் பின்வாசல்,
கோரையாற்றில் ஷட்டர் சாவியை விழுங்கிய விரால்,
பாமணியாற்றின் கடைசியில்
தண்ணீர் வதந்தியாக மட்டுமே வந்துசேரும் உப்பு நாடு.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன்.
விரால் என்ன தின்னும் என்பதை எழுதவில்லை.

எட்டேகால்.
ஜெசிந்தா, நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தவள்,
முதலில் கை நீட்டினாள்.
இருபது முகப் பகடை முறுக்குத் தட்டில் மோதி நின்றது.
பத்தொன்பது.
கைதட்டப் போன வீரசேனன்
பாதியில் நிறுத்தினான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"சரி, நான் வெளியவே இருக்கேன்" என்றாள்.
"காயுறவங்களுக்கு டீ வேணும்ல?"

மற்ற மூவருக்கும் ஆறு, பதினொன்று, நாலு.
உள்ளே போகலாம்.
போகவில்லை.
இரவு ஒரு மணிவரை
அடுப்புக்கு விறகு தேடினார்கள்,
பால் யாரிடம் கடன் கேட்பது என்று சண்டை போட்டார்கள்.
மூன்று ஆறும் நோட்டுக்குள்ளேயே ஓடின.

படியிறங்கும்போது ஹாஜா திரும்பினான்:
"ஆமா, அந்த மிஷினுக்கு
பேட்டரி யாரு மாத்துறா?"

அடுத்த சனிக்கிழமை கிடைத்துவிட்டது.