இருபத்தெட்டாம் நாள்

வால்திவியாவில் மழை பெய்வது செய்தியே இல்லை.
கொர்ராலிலிருந்து படகேறி, பிறகு பேருந்தேறி
வந்து சேர்ந்த இருபத்தாறு பிள்ளைகள்
பாதி ஆற்றைக் காலணியில் கொண்டுவந்து
என் ஆய்வகத் தரையில் ஊற்றினார்கள்.

கழுத்தில் ஆளுக்கொரு அட்டை:
"நான் பெரிய ஆளானதும்…"
கீழே பதினான்கு தொழில்கள், பதினான்கு கட்டங்கள்.
பிடித்ததில் ஒரு குறி போட்டால் போதும்.

எனக்கு முன்பே கால்நடை மருத்துவக் கூடத்தில்
ரப்பர்ப் பசுவுக்குள் தோள்வரை கைவிட்டு
ரப்பர்க் கன்றை இழுத்துப் போட்டிருந்தார்கள்.
பிளாஸ்டிக் பற்களைக் குடைந்திருந்தார்கள்;
அவுகான் சட்டையில் நீலப் பசை இன்னும் காயவில்லை.
அதற்கு மேல் நானும் என் கான்கிரீட்டும்,
விருந்து முடிந்தபின் வந்த வெறுஞ்சோறு.

கலக்கச் சொன்னேன்.
சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, சல்லி மூன்று,
தண்ணீர், நான் நிறுத்தச் சொல்லும்வரை.
யாரும் நிறுத்தவில்லை.
"தியோ, இது எப்போ கல்லாகும்?"
(இங்கே பிள்ளைகளுக்கு எல்லாரும் தியோதான்,
பேருந்து ஓட்டுகிறவரும் பல் பிடுங்குகிறவரும்.)
"இருபத்தெட்டு நாள்" என்றேன்.
ஆயுள் தண்டனை கேட்டதுபோல முனகினார்கள்.

வேறு வழியின்றிப் போன மாதம் வார்த்த கட்டியொன்றை
அழுத்து இயந்திரத்தின் தட்டுகளுக்கிடையே வைத்தேன்.
கம்பிக் கதவைச் சாத்தினேன்.
கைப்பிடியை யஸ்னாவிடம் கொடுத்தேன்;
அவள்தான் பக்கத்தில் நின்றாள், வேறு காரணமில்லை.

முள் ஏறியது. பத்து டன். இருபது.
முப்பதில் ஒரு துகள் உதிர்ந்தது.
நாற்பதில் அவுகான் காதைப் பொத்திக்கொண்டான்.
ஐம்பத்திரண்டில்
பெரிய கதவொன்றை உள்ளிருந்து யாரோ
அறைந்து சாத்தியதுபோல் ஒரு சத்தம்.

பிள்ளைகள் குதித்தார்கள்.
ஆசிரியை எடெல்மிரா மட்டும்
மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.
கொன்செப்சியோனில், இரண்டாயிரத்துப் பத்தில்,
ஏழாம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவராம்.
அதைப் பிறகுதான் சொன்னார், வாசலில், குடையோடு மல்லாடியபடி.

"இன்னொண்ணு" என்றாள் யஸ்னா.
இரண்டாவதும் ஐம்பதைத் தாண்டியது.
மூன்றாவது நாற்பத்தொன்றிலேயே போய்விட்டது.
"இது ஏன் சீக்கிரம்?"
"தண்ணி அதிகம்."
தன் வாளியைப் பார்த்தாள்.
அப்புறம் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.
"இதை யார் உடைச்சுப் பாத்தாங்க?"

"யாராவது பார்த்திருப்பாங்க."

"பேரு?"

பதினொரு வருடமாக அந்தக் கூரைக்கடியில்தான்
மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறேன்.
ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

போகும்போது அட்டைகளை வாங்கிக்கொண்டேன்.
கால்நடை மருத்துவத்துக்குப் பதினேழு குறிகள்
(ரப்பர்க் கன்று ஜெயித்துவிட்டது),
பல்லுக்கு ஆறு, விமானிக்கு இரண்டு;
விமானம் பற்றி அன்று யாரும் பேசவேயில்லை.
யஸ்னா எதிலும் குறி போடவில்லை.
பின்பக்கம் சாய்வெழுத்தில் ஒரே சொல்:
உடைக்கிறவள்.
"அப்படி ஒரு வேலை இல்லையே, கண்ணு" என்று
அழிப்பானைத் தேடினார் எடெல்மிரா.
என் சம்பளச் சீட்டில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது,
தொழில்நுட்ப உதவியாளர், நிலை மூன்று.
அழிக்க வேண்டாம் என்றேன்.

அவர்கள் கலக்கிய கஞ்சியை அச்சுகளில் ஊற்றி,
பெயரெழுதி, தொட்டித் தண்ணீரில் போட்டேன்.
சில அச்சில் மணலைவிடச் சிரிப்புதான் அதிகம் கலந்திருந்தது.

இருபத்தெட்டாம் நாள். மழை.
யஸ்னாவின் கட்டி ஒன்பது டன்னில் பொரியாய் உதிர்ந்தது.
கடிதத்தில் முப்பது என்று எழுதலாமா என
மாத்தே ஆறும்வரை யோசித்தேன்.
ஒன்பது என்றே எழுதினேன்.
அடியில்: தண்ணீரைக் குறை.
அதற்கும் அடியில்:
கூரைக்காரர்களின் கோப்பு நிலவறையில் இருக்கிறதாம்.
சாவி யாரிடம் என்று
இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.