மறுகா பார்ப்பம்

முதல்ல அது ஒரு இலந்தைக்காய் அளவு.
வலது தொடைச்சந்தில,
சாரம் முடியிற இடத்துக்குச் சற்றுக் கீழே.
இருமினா வரும்.
நெல் மூட்டை முதுகில ஏறும்போது
கூடவே தானும் எட்டிப் பார்க்கும்.
ராவில மல்லாந்து படுத்தா
கடன்காரனைக் கண்டவன் மாதிரி
சத்தமில்லாம உள்ளே போயிடும்.

மறுகா பார்ப்பம் எண்டன்.

சம்மாந்துறையில மில்லு. நான் நாட்டாமை.
அறுவடை தொடங்கினா லொறி வரிசை
றோட்டு முடக்கு மட்டும் நிற்கும்.
மூட்டைக்கு இவ்வளவு எண்டு கூலி.
இறங்கி நிற்கிற குடலுக்கு
எவன் கூலி தருவான்?

குளிச்சிட்டு நிற்கக்குள்ள ஜெஸீமா கண்டிட்டாள்.
"இஞ்சேருங்க, என்ன அது?"
"வாய்வு" எண்டன்.
மூணு வருசம் அந்த ஒரு சொல்லை வெச்சு
அவளைச் சமாளிச்சன்.
பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி
இடுப்பில இறுக்கிக் கட்டினன்.
பள்ளியில சுஜூதுக்குக் குனியக்குள்ள
பக்கத்து ஸப்பில நிற்கிறவன் காணுவானோ எண்டு
தொழுகையில பாதி அங்கேயே போச்சு.

இலந்தைக்காய் எலுமிச்சையாச்சு.
எலுமிச்சை, கோழிமுட்டை.
நோகல்ல.
நோகாததெல்லாம் சுகம் எண்டுதானே எங்கட கணக்கு.

வரம்பில நண்டு துளைச்சா
முதல் நாள் ஈரம், மறுநாள் கசிவு.
போடியார் கண்டா அண்டைக்கே
மண்ணை வெட்டி அடைக்கச் சொல்லுவார்.
எத்தனை துளை அடைச்சிருப்பன் இந்தக் கையால!
வட்டைக்கு இருந்த அவசரம்
என்ட வயித்துக்கு இல்லாமப் போச்சு.

பெரும்போகம் முடியிற கிழமை.
நாப்பத்தோராவது மூட்டை.
உள்ளுக்க ஏதோ வழுக்கின மாதிரி.
படுத்தன். போகல்ல.
கையால அமத்தினன். போகல்ல.
கல்லு.
தோல் சிவந்து, தொட்டா உயிர் போகுது.
மஃரிபுக்கு முதல் ஒரு வாந்தி,
இஷாவுக்குப் பிறகு பச்சை பச்சையா.
வயிறு றபான் மாதிரி விம்முது.
அப்பவும் நான்
"மறுகா..." எண்டு இழுக்க,
ஜெஸீமா மிச்சத்தைச் சொல்ல விடல்ல.
எண்ணெய்ப் போத்தலோட ஓடி வந்த
அடுத்த வளவுப் பாத்தும்மாவை மறிச்சாள்.
"தடவவும் வேணாம், தள்ளவும் வேணாம், விலகுங்க."
றியாழ்ட ஓட்டோவில
ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கத்தினன்.
அவள் ஒரு தரமும் அழல்ல.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டொக்டர்,
வாழைச்சேனைப் பக்கத்துப் பிள்ளையாம்.
என்ட மகள்ட வயசுதான் இருக்கும்.
வெக்கத்தில நான் சுவரைப் பார்த்துக் கிடக்க
பேனையைத் திறந்து வெச்சிட்டுக் கேட்டாள்:
"கடைசியா உங்களுக்கு
காத்துப் பிரிஞ்சது எப்ப?"

வாழ்க்கையில ஒரு மனிசரும் கேட்காத கேள்வி.

"வெள்ளாப்பில. அதுக்குப் பிறகு இல்ல."
அவள் அதை எழுதல்ல.
பேனையைப் போட்டிட்டு
போனை எடுத்தாள்.

பிறகு சொன்னாங்க:
சதையில ஒரு துவாரம்,
அதுக்குள்ள குடல் போய் நெரிபட்டு
இரத்தம் ஓடாமக் கறுத்துக் கிடந்ததாம்.
இளஞ்சூட்டுத் துணியால மூடிட்டு
எல்லாரும் பார்த்துக்கொண்டு நிண்டாங்களாம்,
செம்மை திரும்புமோ,
வெட்டி எறியிறதோ எண்டு.
திரும்பிச்சாம், மெல்ல மெல்ல.
நான் மயக்கத்தில கிடந்ததால
என்ட குடலுக்காக ஆர் ஆர் மூச்சைப் பிடிச்சாங்க
எண்டு எனக்குத் தெரியாது.

"நோகாத காலத்தில வந்திருந்தா
பகல்ல, உங்கட கால்ல நடந்து வந்து
அடுத்த நாள் வீட்டுக்குப் போயிருக்கலாம்"
எண்டாள் அந்தப் பிள்ளை, தையலைப் பார்த்துக்கொண்டு.
இனிக் கொஞ்ச மாசத்துக்கு மூட்டை இல்லையாம்.
மில்லுக்காரர் என்ன சொல்லுவாரோ,
அது வேற கதை.

மூணாம் நாள் சுபஹ் நேரம்.
வார்ட்டில எல்லாரும் நித்திரை.
கட்டிலுக்குக் கீழ பாயில ஜெஸீமா.
எனக்கு, கேட்கவும் வேணாம்,
ஒரு டிரக்டர் கிளம்பின மாதிரி
ஒரு சத்தம்.
பக்கத்துக் கட்டில்காரன் எழும்பிக் குந்திட்டான்.

"அல்ஹம்துலில்லாஹ்" எண்டு
கீழேயிருந்து குரல்.
கொஞ்ச நேரம் பொறுத்து, அவளே:

"இதுக்குப் பேர்தான் வாய்வு."