பொறிவண்டு

ஹிரோசாகியில் இந்தக் காருக்கு
அதுதான் செல்லப்பெயர்.
அறுபத்தாறாம் வருடத்து சுபாரு.
உள்ளே உட்கார்ந்தால்
முழங்கால் மோவாயை இடிக்கும்.
மேடு கண்டால் நீலப் புகையாய்ப் பெருமூச்சு;
பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில்
மணியடித்து முந்துவார்கள்.

மிகாமி அம்மாளின் ஆப்பிள் லாரி
உப்பு தின்று செத்தது,
பனிச்சாலையில் தூவுகிற உப்பு.
சட்டமெல்லாம் துரு, இன்ஜின் மட்டும் கல்லுமாதிரி.
பன்னிரண்டாயிரம் யென் கொடுத்தேன்.
கூட ஒரு கூடை ஃபூஜி தந்தாள்.

குளிர்காலம் முழுக்க
ரம்பம், வெல்டிங், கெட்ட வார்த்தை.
காற்றிலேயே ஆறிப் பழகிய வண்டிக்கு
இனி தண்ணீர் காட்ட வேண்டும்:
மூக்கில் ரேடியேட்டர்,
வயிற்றுக்கடியில் குழாய்.
பின்சீட்டில் பாதி போயிற்று.
பிரேக் பழையதுதான்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் முதல் ஓட்டம்.
தோட்டத்து வளைவில் கியர் மாற்றினேன்.
சத்தம் கேட்டு
இரண்டு காலிப் பெட்டிகளோடு
வாசலுக்கு ஓடிவந்தாள் மிகாமி அம்மாள்.

அவளைத் தாண்டி
நாற்பதடி போய்த்தான் நின்றேன்.

நடந்து வந்தாள்.
சுற்றிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள்.
"எத்தனை பெட்டி பிடிக்கும்?"
"ஒன்று."

ஒன்றைப் பின்னால் திணித்தாள்.
மற்றதை மடியில் வைத்துக்கொண்டு
ஏறி உட்கார்ந்து
கதவை இரண்டு தரம் அறைந்து சாத்தினாள்.