கைநீட்டம்

"கை நீட்டுவாருங்க" என்றாள் மயிலாத்தாள்.
கை நீட்டும் என்றே மலையாளத்தில் எழுதினேன்.
நீதிபதி நிமிர்ந்தார்:
யாரிடம்? என்ன கேட்டு?

விஷு முடிந்து ஒன்பது நாள்.
பாலக்காட்டில் கைநீட்டம் என்றால்
விடியலில் பெரியவர்கள் உள்ளங்கையில் வைக்கும் காசு.
சொல்லை அடித்து, மேலே வேறு சொல் எழுதி
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

வீடு ஒழலப்பதியில்.
தேங்காய்க் களம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம்.
களத்தில் வாங்கிய அடியோடு இங்கே வந்தால்
தமிழ்நாட்டுக் கேஸ் என்றார்கள்.
அங்கே போனால்
ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
கேரளா என்றார்கள்.
மூன்று முறை.
மூன்றாம் முறைக்கு பஸ் காசு அடுத்த வீட்டு ஜோதாமணி தந்தது.

தேங்காய் உரிக்கும் பாரை அவர் தலையில் இறங்கிய ராத்திரி
எல்லை எங்கே என்று ஒருவருக்கும் குழப்பமில்லை.
நாற்பது நிமிஷத்தில் ஜீப்.

வக்கீல் சின்னப் பையன், இலவச சட்ட உதவியில் வந்தவன், நல்லவன்.
வராந்தாவில் என் வழியாகக் கெஞ்சினான்:
திடீரென்று ஆத்திரம் வந்துவிட்டது,
அது போதும், அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.
சட்டத்துக்குத் திடீர் பிடிக்கும்.
கள்ளுக்கடை வாசலில் ஒரு வார்த்தைக்குக் கொதித்தவனுக்கு
அதில் ஓர் இடம் உண்டு.
பதினோரு வருஷம் சிறுதீயில் இருந்தவளை
எந்தப் பிரிவில் வைப்பது?

கூண்டில் ரொம்ப நேரம் யோசித்தாள்.
"திடீர்னெல்லாம் இல்லீங்க.
சோறு போட்டேன். ரசம் பத்தலைன்னார், கூட்டி வெச்சேன்.
அவர் தூங்கற வரைக்கும் உக்காந்திருந்தேன்.
முழிச்சிருந்தா என்னால ஆகுமுங்களா?"

கடைசி வரியை எழுத வேண்டாம் என்றார் நீதிபதி.
குற்றவாளி கேள்வி கேட்க முடியாது,
பதில் மட்டும் போதும்.
எழுதவில்லை.
செத்த பிறகும் அவள் விடாத அந்த 'அவர்'
எந்தத் தாளிலும் ஏறவில்லை.

உட்கார்ந்திருந்தாள் என்றுதான் நான் எழுதிக் கொடுத்தது.
தீர்ப்பின் முப்பத்தியோராம் பக்கத்தில் அது
காத்திருந்தாள் என்று இருக்கிறது.
ஆயுள்.

அதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியதும் நான்தான்.
சொன்னேன்.
தலையாட்டினாள், விலை படிந்த மாதிரி.

வேன் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்:
"விய்யூர்ல
தமிழ் பேசறவங்க யாராச்சும் இருப்பாங்களாங்க?"