தறி நின்ற பதினோராம் நாள்

கூலி ஏற்றித் தரச் சொல்லி
சோமனூர் முழுக்கத் தறியை நிறுத்தி
இன்றோடு பதினோரு நாள்.
கீழே எங்கள் குடோனில்
எட்டுத் தறியும்
பாதி நெய்த துணியைப் பிடித்தபடி நிற்கின்றன.

மாடியில் நான்
கருமத்தம்பட்டிக்காரர் ஒருவரின்
இன்னும் கட்டாத வீட்டுக்கு
மேற்கிலிருந்து வெயில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேட்டது.
கொசு என்று கையை வீசினேன்.
கொசு இல்லை.
ஈயத்தாளைப் பல்லில் கடித்தமாதிரி
மெல்லிசாய் ஒரு கீச்சு.
அதற்கு அடியில், வேறு தாளத்தில்,
டிக். டிக்.
கொஞ்சம் பொறுத்து
டிக்.

மூன்று வருஷமாக இந்த கிராபிக்ஸ் கார்டு
இப்படியேதான் கத்திக்கொண்டிருந்ததா?
காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியபோது
கடைக்காரர் ஓட்டித்தான் காட்டினார்.
வாசலில் பஸ் ஹாரன்.
வீட்டுக்கு வந்தால் எட்டுத் தறி.
நான் எங்கே கேட்டேன்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
நூல் தீர்ந்த கோன் ஒன்றை எடுத்து
சின்ன வாயைக் காதிலும்
பெரிய வாயைப் பெட்டிக்குள்ளும் வைத்து
ஒவ்வொரு இடமாய் நகர்த்தினேன்.
பவர் சப்ளை, ஒன்றுமில்லை.
பின்பக்க விசிறி, வெறும் காற்று.
கார்டின் இரண்டாவது விசிறி:
டிக்.

காது குடையும் குச்சியால்
அதன் நடுக்குமிழை லேசாய் அமுக்கினேன்.
டிக் நின்றது.
கீச்சு நிற்கவில்லை.
ஆக, நோய் ஒன்றல்ல, இரண்டு.

வேலையில்லாமல் மாடியேறி வந்த வஞ்சியப்பன்
கதவில் சாய்ந்து கேட்டார்:
"ஏம்புள்ள, அதுக்குங் கூலி பத்துலியாமா?"

சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி,
கார்டை வெளியே எடுத்து
மடியில் கிடத்தினேன்.
அலுமினியத் தகடுகளுக்கு நடுவே
பஞ்சு, மெத்தை தைக்கிற அளவுக்கு.
விசிறியின் அச்சில்
இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஒரு நூல்,
அதன் நுனி மட்டும் வெளியே நீண்டு
ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டைத் தட்டியிருக்கிறது.

புருவம் பிடுங்கும் இடுக்கியால் இழுத்தேன்.
வந்தது, வந்துகொண்டே இருந்தது,
ஒரு முழத்துக்கு மேல்.

வஞ்சியப்பன் அதை இரண்டு விரலில் தேய்த்தார்.
"நாப்பதாம் நெம்பரு.
இந்த ரகம் ஓட்டி ரெண்டு வருசமாச்சு.
அந்த ஆளுகிட்டருந்து பாக்கி
இன்னும் வரோணும்."
நூலைக் கீழே போடவில்லை.
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்டிக்கரை உரித்து
தறிக்கு விடும் ஸ்பிண்டில் ஆயிலில் ஒரு சொட்டு.
ஒன்றே ஒன்று. இரண்டு விட்டால் தெறிக்கும்.
பஞ்சைப் பிரஷ்ஷால் தள்ளி
திரும்ப மாட்டினேன்.
விசிறி சுற்றுவது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

கீச்சு மட்டும் அப்படியே.

வீட்டைத் திரையில் சுழற்றினால் ஏறுகிறது,
நிறுத்தினால் இறங்குகிறது.
விசிறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
எண்ணைப் பார்த்தேன்:
நொடிக்கு எழுநூறு படம்.
யார் கேட்டது எழுநூறு?
என் கண்ணுக்கு அறுபது தாராளம்.
அறுபது என்று கட்டினேன். பாதி அடங்கியது.
வோல்டேஜைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.
இன்னும் கொஞ்சம்.
மிச்சம் இருப்பது செம்புச் சுருளின் நடுக்கம்.
கரண்ட் ஓடும்வரை அது இருக்கும்;
அதற்குக் கழற்ற நூல் எதுவும் இல்லை.

சாயங்காலம் கலெக்டர் ஆபீசில் பேசினார்கள்.
முடியவில்லை, அடுத்த வாரம் என்றார்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு
அவர் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.
தெரு மொத்தமும் அப்படித்தான் இருந்திருக்கும்,
ஒரு குடோனிலும் சத்தமில்லை.
"அது கத்துச்சே, சரியாப் போச்சா?"
பாதி, என்றேன்.
"சித்த நேரம் ஓட உடு.
காது சும்மாக் கெடந்தா
தூக்கம் வர மாட்டீங்குது."

கம்ப்யூட்டரைப் போட்டேன்.
அந்தக் கட்டாத வீட்டைச் சும்மா சுற்றவிட்டு
அறுபதை அழித்து
முந்நூறு என்று அடித்தேன்.