தொண்ணூற்றொன்பது

புன்ட்டா அரேனஸில் காற்று
கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறது.
மணி நாலேகால்.
ஏழரைக்குப் போர்வெனீர் படகு;
அந்த ஊர்ப்பெயருக்கு வருங்காலம் என்று பொருள்.
அதற்குள் டிக்கெட் சர்வர் எழவேண்டும்.

ஆகப் புதியதை எடு என்கிறாள் யஸ்னா.
மேகத்திலிருந்து இறங்குகிறது கோப்பு,
நானூறு எம்பி, தூறலாக.
விரிக்கிறாள், ஏற்றுகிறாள்.
வருங்காலத்துக்குப்
போன மாதத்துக் கட்டணம் காட்டுகிறது திரை.

மறுபடி.
அதே.

பட்டியலில் விரலை ஓட்டுகிறாள்:
நூறு எங்கோ மேலே கிடக்கிறது,
தொண்ணூற்றொன்பது கடைசியில்.
இது எண்ணவில்லை,
எழுத்துக்கூட்டிப் படிக்கிறது;
ஒன்றைவிட ஒன்பது பெரிதென்று
முதல் எழுத்திலேயே தீர்ப்பு.

தனியாகச் சிரிக்கிறாள்.
பெயரை விட்டுத் தேதியைக் கேள் என்று
ஒரே ஒரு வரி மாற்றம்.

நூறு இறங்கத் தொடங்குகிறது.
துறையில் முதல் லாரிக்காரன்
இன்ஜினை அணைக்காமல் நிற்கிறான்.