பதினான்காவது வளைவு

ஏற்காடு ஏறும் வழியில்
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
கனகாம்புஜத்தைக் கொன்றது நான்தான்.
எபிசோடு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு,
செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை.

பகையெல்லாம் ஒன்றுமில்லை.
அவளாக நடித்தவள்
நாள் சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டிக் கேட்டாள்.
அன்றிரவே தயாரிப்பாளர் குணாளன்
ஐந்து ரோடு ஓட்டல் அறையிலிருந்து கூப்பிட்டார்.
கோமாவில் போடலாமா என்றேன்.
"கோமான்னா கட்டில் வாடகை, மூக்குக்குழாய்.
படுத்துக் கிடக்கிறவளுக்கும் பேட்டா.
பக்கத்திலேயே மலை இருக்குல்ல?"

காரை உருட்டக் காசில்லை.
பிரேக் சத்தம் பழைய சரக்கில் கிடைத்தது.
செவ்வாய்பேட்டையில் நூற்றெண்பது ரூபாய்க்கு
ஒரு ஜோடி செருப்பு வாங்கினோம்.
வலதை மட்டும் தடுப்புச்சுவர் மேல் கவிழ்த்து வைக்க
கேமராவோடு தேவசகாயம் மூன்று முறை கிட்டே போனான்.
மூன்றாம் முறை ஒரு மேகம்
யாரும் சொல்லாமலே வந்து மூடியது.
இடதுகால் செருப்பு இன்னும் கம்பெனி வேனில் கிடக்கிறது.

வியாழக்கிழமை வந்த எண்ணில் மேலே ஏறியிருந்தோம்.

அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
ஒரு நாளைக்கு ஆறு காட்சி.
ஒரு அழுகை ஒன்றரை நிமிடம்,
பணக்கார வீட்டு அழுகை என்றால் இரண்டு.
விளம்பரத்துக்கு முன்னால் கதவு ஒன்று திறக்க வேண்டும்.
திறந்துவிட்டு, வந்தது யாரென்று எனக்கே தெரியாமல்
தூங்கப் போன இரவுகள் உண்டு.
இத்தனை வருடத்தில் நான் மீறாத சட்டம் ஒன்றுதான்:
பிணத்தைக் காட்டாதே.

நேற்று பங்களா ஒன்று பார்க்க பஸ்ஸில் ஏறினேன்.
பதினான்கில் டிரைவர்
எதிரே வண்டி எதுவும் இல்லாமலே
இரண்டு முறை ஹாரன் அடித்தார்.
ஜன்னலோரத்தில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
எட்டிப் பார்த்தேன்.
சுவர்மேல் அந்த வலதுகால் செருப்பு,
மழையில் வார் வெளுத்து.
பக்கத்தில் எலுமிச்சம்பழம்,
குங்குமம் அப்பிய ஓட்டுச் சில்லு.

"சீரியல்தானே" என்றேன்.
"தெரியும்ங்க" என்றாள், கொஞ்சம் கோபமாக.
"ஆனா பொணம் கெடைக்கல பாருங்க.
கெடைக்காத வரைக்கும் இருக்கான்னுதானே அர்த்தம்.
எங்க வீட்டுக்காரரு திருப்பூரு போயி ஏழு வருசம்."
அதற்குமேல் பேசவில்லை.
நாகலூர்க்கு டிக்கெட் எடுத்திருந்தாள்.
மடியில் தூக்குவாளி.

பதினேழில் சிக்னல் வந்தது, குணாளனும் வந்தார்.
"எண்ணு இறங்குது. கனகாம்புஜம் திரும்பணும்."
அவள் மூணு மணி சேனலுக்குப் போய்விட்டாளே?
"பெங்களூர்லேர்ந்து புதுப்பொண்ணு. மூஞ்சிக்கு ஆபரேஷன்னு வை.
தமிழ் வராது. தலையில அடிபட்டு
பேச்சும் போயிடுச்சுன்னு சேத்து வை.
டப்பிங் செலவும் மிச்ச—"
பதினெட்டில் அறுந்தது.

பேச்சுப் போனவளுக்கு வசனம் எழுத
எனக்கு முழுச் சம்பளம்.
இரவு காஸ்ட்யூம் உதவியாளர் செய்தி அனுப்பினான்:
அண்ணா, புது மேடத்துக்குக் கால் அளவு எட்டு.
பழசு அஞ்சு. அந்தச் செருப்பு ஏறாது.

ஏற வேண்டாம் என்று உட்கார்ந்தேன்.
காட்சி ஒன்று. வெளிப்புறம். பகல்.
மேகத்துக்குள்ளிருந்து வெறுங்கால் ஒன்று.
அடுத்த காலை எழுதுவதற்குள் கரண்ட் போனது.

இருட்டில்தான் தோன்றியது,
நாகலூர்க்காரியின் பெயரைக் கேட்காமல் விட்டேனே.
கேட்டிருந்தால்
அடுத்த வாரம் வரப்போகும் சமையல்காரிக்கு
வைத்திருக்கலாம்.